கடந்த ஏழு நாட்களில்

நார்வாவில் லிஃப்ட் பழுதென்றால்
பழுது என்று யாரும் எழுதி ஒட்டுவதில்லை.
ஊருக்கே தெரியும்.
தார்த்துவிலிருந்து பஸ் ஏறி வந்த எனக்குத்தான் தெரியவில்லை.
ஐந்து மாடி.
பையில் டேப்லெட், கையேடு,
நன்றி சொல்ல ஐந்து யூரோ கூப்பன்.

கதவைத் திறந்தவன் எலிஸேய். வயது இருபத்திரண்டு.
ஒரு காலுறை நீலம், மற்றது சாம்பல்.
"பூட்ஸைக் கழற்றவேண்டாம்" என்றான்.
கழற்றினேன்.
சமையலறை ஜன்னலில் ஆறு, ஓரங்கள் உறைந்து.
அக்கரையில் இன்னொரு நாட்டின் கோட்டை.
பேச்சை முறித்துக்கொண்ட எதிர்வீட்டுக்காரனைப் போல
அவன் அதைக் கண்டுகொள்ளவில்லை.

கேள்வி பதினான்கு.
கடந்த ஏழு நாட்களில் கூலிக்காக
ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா?

"மூன்றாம் மாடி டாக்ஸிக்காரரின் காரைப்
பனிக்குள்ளிருந்து வாரி எடுத்தேன். எட்டு யூரோ."
எவ்வளவு நேரம்?
"நாற்பது நிமிடம்."

நாற்பது என்றால் வேலையில்லாதவன்.
அறுபது என்றால் வேலையில் இருப்பவன்.
இந்த வரப்பை நான் வெட்டவில்லை.
எங்கோ வெதுவெதுப்பான அறையில் வெட்டிவிட்டு
காபி குடிக்கப் போய்விட்டார்கள்.

"பனிவாரியைத் தேட இருபது நிமிடம் ஆச்சு," என்றான்.
"அது சேருமா?"
புரட்டினேன். பக்கம் நாற்பத்தொன்று, அடிக்குறிப்பு:
வேலைக்கான ஆயத்தமும் வேலையே.
தட்டினேன்.

பிறகு, சொல்லக் கூடாததைச் சொன்னேன்.
இந்த ஆய்வில் உன் எடை முந்நூற்றுப் பன்னிரண்டு.
கிலோ அல்ல, ஆள்.
நாங்கள் போய்ப் பார்க்காத முந்நூற்றுப் பதினொரு பேருக்கும்
உன் வாயால்தான் பதில்.

கெட்டில் டக்கென்று அணைந்தது.
"அப்போ அத்தனை பேருக்கும் வேலை கிடைச்சாச்சா?"
ஆமாம்.
"ஒரே பனிவாரியில்!"
முதல்முறையாகச் சிரித்தான். கடைவாயில் ஒரு பல் இல்லை.

படிப்பு: தொழிற்பள்ளி, வெல்டிங். இரண்டாம் ஆண்டில் நின்றது.
நின்றதற்கு என் பட்டியலில் ஒன்பது காரணங்கள்.
அவன் பத்தாவதைச் சொன்னான்.
"பற்றவைப்பது கையால். பரீட்சை மட்டும் உங்கள் மொழியில்."
'பிற' என்ற கட்டத்தில் இருபது எழுத்துக்குத்தான் இடம்.
நாங்கள் பேசிக்கொண்டிருந்தது அவன் மொழியில்.
என் பிழைகளில் ஒன்றைக்கூட அவன் திருத்தவில்லை.

கேள்வி முப்பத்தொன்று.
கடந்த இரண்டு வாரங்களில்
உற்சாகமாக, மனம் தெளிவாக உணர்ந்தீர்களா?
எப்போதும். பெரும்பாலும். சிலசமயம். ஒருபோதும் இல்லை.

இதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டான்.
கரைந்துபோன சர்க்கரையை மேலும் கலக்கிக்கொண்டே
"எனக்கென்றால் கடைசி," என்றான்.
"ஆனால் மிச்ச முந்நூற்றுப் பதினொரு பேரில்
யாராவது ஒருத்தன் போன வாரம்தான்
காதலிக்க ஆரம்பித்திருப்பான்.
யாருக்காவது நாய்க்குட்டி கிடைத்திருக்கும்.
அவர்கள் சோற்றில் நான் ஏன் மண் போடணும்?
சிலசமயம்னு போடுங்க."

உங்களைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்
என்று நான் குறுக்கிட்டிருக்க வேண்டும். பக்கம் ஆறு.
குறுக்கிடவில்லை.
எதைத் தட்டினேன் என்பதை
இங்கே எழுதப்போவதுமில்லை.

கூப்பனைக் கொடுத்தேன். பூட்ஸ், மேல்கோட்டு, கையுறை.
இரண்டாம் மாடி தாண்டும்போது
மேலே கம்பியில் வயிறு அழுந்தச் சாய்ந்து கத்தினான்:
"பனிவாரி கதவுக்குப் பின்னாடியே இருந்தது!
தேடவே இல்லை! மாத்திக்கோங்க!"

நின்றேன்.
படிக்கட்டு நெடுக முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்
புது வேலைக்குச் சட்டை தேய்த்து மாட்டிக்கொண்டு
ஒதுங்கி எனக்கு வழிவிடுவது மாதிரி இருந்தது.
என் ஒப்பந்தமே மார்ச் முப்பத்தொன்று வரைக்கும்தான்.

கம்பளிக் கையுறை.
அந்த விரலைத்
திரை ஏற்காது.